தத்துப்பூச்சிகளின் வகைப்பாட்டு வரலாறும் பெயரீடும்

முன்னுரை

நெற்பயிரைத் தாக்கும் புகையானும், கரும்பின் சாற்றை உறிஞ்சும் பைரில்லாவும், தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் விளக்குப்பூச்சியும் தோற்றத்தால் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. புகையான் ஓர் அரிசியினும் சிறியது. விளக்குப்பூச்சியோ ஒரு விரல் நீளத்தை எட்டக்கூடியது. எனினும் இம்மூன்றும் ஒரே பெருங்குழுவைச் சார்ந்தவை என்பது இன்றைய பூச்சியியலின் முடிபு. 'ஃபுல்கோரோமார்ஃபா' என்று அறிவியலார் வழங்கும் இக்குழுவில் இதுவரை ஏறத்தாழ 14,000 சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவை 20க்கும் மேற்பட்ட குடும்பங்களில் அடங்குகின்றன.

இக்குழுவின் வகைப்பாட்டு வரலாறு பூச்சியியலாருக்கு மட்டும் உரியதன்று. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வோர்க்கும், அறிவியல் நூல்களை மொழிபெயர்ப்போர்க்கும் அது பயனுடைய சான்றுகளைத் தருகிறது. ஒரு பெயரின் சொற்பொருள் தவறாக இருந்தும் அப்பெயர் நிலைபெறுவதும், சரியான பொருள் தரும் பெயர் வழக்கிழப்பதும், ஒரே பெயர் இரு மொழிகளில் இரு வேறு எல்லைகளைக் குறிப்பதும் இவ்வரலாற்றில் தொடர்ந்து காணப்படுகின்றன. பெயரின் பொருள் ஒரு வழியிலும், அப்பெயர் குறிக்கும் உயிரின் இடம் மற்றொரு வழியிலும் செல்கின்றன என்பதையும், மொழிபெயர்ப்பாளர் எதனைப் பின்பற்ற வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழில் 'தத்துப்பூச்சி' என்னும் சொல் இக்குழுவையும், இதனோடு உறவுடைய வேறு பூச்சிகளையும் சேர்த்தே குறிக்கும். ஆகவே தெளிவு கருதி, ஃபுல்கோரோமார்ஃபாக் குழு இங்குச் 'செடித் தத்துப்பூச்சி' எனவும், பச்சைத் தத்துப்பூச்சி முதலியன அடங்கிய குடும்பம் 'இலைத் தத்துப்பூச்சி' எனவும் வழங்கப்படும்.

1. விளக்கு என்னும் பெயர்

1681ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் அரும்பொருட்களுக்குப் பட்டியல் வகுத்த நெகேமியா குரூ, தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெரும்பூச்சியை விளக்குப்பூச்சி என்று குறித்தார். அதன் தலை முன்னோக்கி நீண்டு, உள்ளீடற்ற ஒரு கூடு போல உப்பியிருக்கும். இவ்வுறுப்பே விளக்கு எனக் கருதப்பட்டது.

இக்கருத்துக்கு வலிமை சேர்த்தவர் மரியா சிபில்லா மேரியன். இவர் 1699 முதல் 1701 வரை சூரினாம் நாட்டில் தங்கிப் பூச்சிகளின் உருமாற்றத்தை நேரிற் கண்டு வரைந்தவர். 1705இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அவர் வெளியிட்ட நூலில் இப்பூச்சியின் தலை இரவில் ஒளிவிடுவதாகவும், அவ்வொளியில் செய்தித்தாளைப் படிக்க இயலும் என்றும் எழுதினார். நேரிற் கண்டு எழுதுபவர் என்னும் நற்பெயர் அவருக்கு இருந்தமையால், இக்கூற்றை ஐரோப்பிய அறிஞர் பலர் ஐயமின்றி ஏற்றனர்.

1758இல் தம் நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்ட லின்னேயஸ், இப்பூச்சியைச் சிள்வண்டுப் பேரினமாகிய 'சிக்காடா'வில் சேர்த்து, 'லேட்டர்னேரியா' என்னும் அடைமொழி தந்தார். இலத்தீன் மொழியில் விளக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது இது. சீனத்திலிருந்து பெறப்பட்ட மற்றொரு சிற்றினத்துக்கு, மெழுகுவத்தியைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'கேண்டலேரியா' என்னும் அடைமொழியை அதே நூலில் வழங்கினார். 1767இல் இவற்றைச் சிள்வண்டுகளிலிருந்து பிரித்து 'ஃபுல்கோரா' என்னும் தனிப் பேரினத்தை நிறுவினார். 'ஃபுல்கோர்' என்பதற்கு மின்னொளி, பேரொளி என்பன பொருள்.

பின்வந்தோர் உயிருள்ள பூச்சிகளை ஆராய்ந்தபோது ஒளி எதுவும் காணப்படவில்லை. இக்குடும்பத்தில் ஒளிவிடும் சிற்றினம் ஒன்றும் இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் பெயர் மாறவில்லை. விலங்கியல் பெயரீட்டு விதிகளின்படி முந்திய பெயருக்கே உரிமை உண்டு. சொற்பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு பெயரைத் தள்ள இயலாது. இவ்விதியின் பயனாக ஒளியின் பெயர் மேல்நிலைகளுக்கும் பரவியது. ஃபுல்கோராப் பேரினத்திலிருந்து லாத்ரேய் 1807இல் அமைத்த குடும்பம் ஃபுல்கோரிடே ஆயிற்று. 1946இல் இவான்ஸ் வகுத்த பெருங்குழு ஃபுல்கோரோமார்ஃபா, அதாவது 'ஃபுல்கோராவின் வடிவுடையவை' ஆயிற்று. புகையானும் பைரில்லாவும் உட்பட, ஒளியற்ற 14,000 சிற்றினங்கள் இன்று ஒளியின் பெயரால் அறியப்படுகின்றன.

சீனச் சிற்றினத்தின் பெயரும் இதே பொருட்களத்துக்குள்தான் இடம்பெயர்ந்தது. அது நூல்களில் ஃபுல்கோரா எனவும், லேட்டர்னேரியா எனவும், பைராப்ஸ் எனவும் மூவேறு பேரினப் பெயர்களோடு எழுதப்பட்டிருக்கிறது. இறுதியில் நிலைபெற்ற பைராப்ஸ் என்னும் பெயர் கிரேக்க மொழியில் நெருப்பைக் குறிக்கும் சொல்லை முதனிலையாகக் கொண்டது. வகைப்பாடு திருந்தியபோதும் தவறான உருவகம் திருந்தாமல் தொடர்ந்தமைக்கு இது தக்க சான்றாகும். 2014இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கண்டறியப்பட்டு, திராட்சைத் தோட்டங்களுக்குக் கேடு விளைத்துவரும் ஆசியப் பூச்சியான 'லைகார்மா டெலிகேட்டுலா'வையும் ஆங்கிலம் விளக்குப்பூச்சி என்றே வழங்குகிறது.

2. துப்பி மொழிப் பெயரின் சிறப்பு

ஐரோப்பியர் விளக்கைக் கண்ட அதே பூச்சியைப் பிரேசில் நாட்டின் பழங்குடியினர் வேறு வகையில் பெயரிட்டனர். போர்த்துகீசிய மொழியில் 'ஜெக்கிட்டிரனபோயா' என இன்று வழங்கும் சொல், துப்பி மொழியின் இரு சொற்கள் இணைந்த தொகை. முன்னது சிள்வண்டையும் பின்னது பாம்பையும் குறிப்பன. பூச்சியின் நீண்ட தலை பாம்பு அல்லது முதலையின் தலையை நினைவூட்டும். அதனால் இது நச்சுடையது என்னும் அச்சமும் மக்களிடையே பரவியது. உண்மையில் இது செடியின் சாற்றை உறிஞ்சுவது. மனிதனைக் கடித்து நஞ்சேற்றுவதன்று.

இத்தொகையில் இரு கூறுகள் உள்ளன. 'பாம்பு' என்னும் கூறு தோற்றத்தையும் அச்சத்தையும் சார்ந்தது. 'சிள்வண்டு' என்னும் கூறோ உறவைச் சுட்டுவது. லின்னேயஸ் 1758இல் இப்பூச்சியைச் சிக்காடாப் பேரினத்தில் சேர்த்ததும் அதே உறவைக் கண்டதனாலாகும். ஆக, நாட்டார் பெயரும் அறிவியல் பெயரும் தனித்தனியே ஒரே இனவுறவை உணர்ந்துள்ளன. இரண்டிலும் தோற்ற மயக்கம் கலந்திருக்கிறது. ஆனால் இரண்டும் மயங்கிய இடம் வேறு. நாட்டார் வழக்கை அறிவற்றது என்றும், அறிவியல் வழக்கை மயக்கமற்றது என்றும் பிரித்துக் காண்பது பொருந்தாது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

3. உறுப்புகளை நோக்கிய வகைப்பாடு

தலையின் வடிவத்தை விட்டு உடலின் பிற உறுப்புகளை நோக்கத் தொடங்கிய பின்னரே இக்குழுவின் உண்மையான விரிவு புலப்பட்டது. 1798இல் ஃபபிரிசியஸ் 'டெல்ஃபாக்ஸ்' என்னும் பேரினத்தை நிறுவினார். இதனை அடிப்படையாகக் கொண்டு 1815இல் லீச் டெல்ஃபாசிடேக் குடும்பத்தை அமைத்தார். 1839இல் ஸ்பினோலா எழுதிய விரிவான ஆய்வு சிக்ஸிடே, டெர்பிடே, இஸ்ஸிடே, ஃபிளாட்டிடே முதலிய பல குடும்பங்களுக்கு வழிவகுத்தது. சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்டால் 1866இல் மேலும் சில பிரிவுகளைச் சேர்த்தார். பைரில்லா அடங்கும் லோஃபோபிடேக் குடும்பம் அவற்றுள் ஒன்று.

செடித் தத்துப்பூச்சிகளைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிய இன்று கொள்ளப்படும் அடையாளங்கள் எளியவை. உணர்கொம்புகள் கண்களுக்கு இடையில் அமையாமல் கண்களுக்குக் கீழே அமைந்திருக்கும். உணர்கொம்பின் இரண்டாம் கணு பருத்து, உணர்வுப் புள்ளிகள் நிறைந்து காணப்படும். முற்சிறகின் பின்பகுதியில் இரு நரம்புகள் கூடி ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவைப் பெறும். புகையான் அடங்கும் டெல்ஃபாசிடேக் குடும்பத்தில், பின்காலின் கெண்டைப்பகுதி முனையில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று இருக்கும். இலைத் தத்துப்பூச்சிக்கு இம்முள் இல்லை. அதற்குப் பின்காலில் வரிசையாகச் சிறு முட்கள் உண்டு. வயலில் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டே இவ்வேறுபாட்டைக் காணலாம்.

இக்குழுவின் பன்மை வடிவங்களோடு முடிவதன்று. ஃபிளாட்டிடேக் குடும்பத்தின் பூச்சிகள் பல, அகன்ற சிறகுகளால் இலையையோ விட்டிலையோ ஒத்திருக்கும். புகையானில் நீண்ட சிறகுடையனவும் குறுஞ்சிறகுடையனவும் ஒரே சிற்றினத்துக்குள் காணப்படும். இஸ்ஸஸ் என்னும் பேரினத்தின் இளம்பூச்சிகளுக்குப் பின்கால்களின் அடியில் பற்சக்கரம் போன்ற அமைப்பு உண்டு. அவற்றின் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தி இரு கால்களையும் ஒருசேர உந்தச் செய்கின்றன என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களான பர்ரோஸ், சட்டன் ஆகியோர் 2013இல் வெளியிட்டனர். பூச்சி முதிர்ச்சி அடைந்ததும் இச்சக்கரங்கள் மறைந்துவிடும். 'தத்துதல்' என்னும் வினையால் தமிழ் பெயரிட்ட பண்பே இப்பூச்சிகளின் உடலமைப்பில் இத்துணை நுட்பமாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

4. வகைப்பாடும் வயலும்

வகைப்பாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பதை ஹவாய்த் தீவுகளின் வரலாறு உணர்த்துகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் கரும்புத் தோட்டங்களை ஒரு சிறு பூச்சி அழிக்கத் தொடங்கியது. கிர்கால்டி 1903இல் இதனை விவரித்துப் 'பெர்கின்சியெல்லா சக்காரிசிடா' எனப் பெயரிட்டார். பெயரின் முற்பகுதி பெர்கின்ஸ் என்னும் பூச்சியியலாரைச் சிறப்பிப்பது. பிற்பகுதி கரும்பைக் கொல்வது என்னும் பொருளுடையது. இப்பூச்சி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பகுதியிலிருந்து வந்தது என அடையாளம் காணப்பட்டமையால், இயற்கை எதிரிகளையும் அங்கேயே தேட முடிந்தது. பின்னர் ஃபிரடெரிக் மூயர், இதன் முட்டைகளை உண்ணும் ஒரு நாவாய்ப்பூச்சியை 1920இல் ஹவாய்க்குக் கொண்டுவந்தார். பூச்சியின் பெருக்கம் அடங்கியது. அதே மூயர் ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளை நுணுகி ஆராய்ந்து இப்பெருங்குழு முழுமைக்கும் ஒரு வகைப்பாட்டை அமைத்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இப்பூச்சியை ஆங்கிலம் 'கரும்பின் இலைத் தத்துப்பூச்சி' என்றே வழங்கியது. வகைப்பாட்டின்படி இது இலைத் தத்துப்பூச்சி அன்று. புகையானோடு ஒரே குடும்பத்தில் வைத்து எண்ணப்படும் செடித் தத்துப்பூச்சி. இந்தியாவின் பைரில்லாவும் ஆங்கில வேளாண் நூல்களில் இதே பெயரைப் பெற்றது; அதுவோ மூன்றாவதொரு குடும்பத்தைச் சார்ந்தது. ஆங்கிலப் பெயரை மட்டும் நோக்கி மொழிபெயர்ப்பவர், மூன்று வேறு குடும்பங்களை ஒன்றாக்கிவிட நேரும்.

பைரில்லாவின் பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. 1851இல் வாக்கர் இதனைப் பெரிய விளக்குப்பூச்சிகள் அடங்கும் பைராப்ஸ் பேரினத்தில் வைத்து, 'மிகச் சிறியது' என்னும் பொருளில் 'பெர்புசில்லா' என்றார். அப்பேரினத்தோடு ஒப்பிட அது மிகச் சிறியதே. ஸ்டால் 1859இல் பைரில்லா என்னும் பேரினத்தை ஏற்படுத்திய பின்னர், ஒப்பீட்டுக்குரிய சூழல் நீங்கிவிட்டது. 'மிகச் சிறியது' என்னும் சொல் மட்டும் எஞ்சியது. இப்பூச்சியின் உடல்மேல் ஒட்டி வாழ்ந்து அதனை அழிக்கும் அந்துப்பூச்சி 'எபிரிக்கானியா'. இந்தியாவில் உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டில் இது பயன்பட்டுவருகிறது. 'ரிக்கானியாவின் மேல்' என்னும் பொருளுடைய இப்பெயரில் ரிக்கானியா என்பதும் ஒரு செடித் தத்துப்பூச்சிப் பேரினமே. இவ்வந்துப்பூச்சியின் குடும்பப் பெயராகிய 'எபிபைரோபிடே'யில் பைராப்ஸ் மீண்டும் இடம்பெறுகிறது. விளக்கின் நெருப்பு அந்துப்பூச்சிகளின் பெயருக்குள்ளும் புகுந்துவிட்டது.

5. 'நிலபர்வத லுஜென்ஸ்': ஒரு பெயரின் இரு பாதிகள்

புகையானின் அறிவியல் பெயர் 'நிலபர்வத லுஜென்ஸ்'. இதன் இரு பாதிகளும் வேறு காலத்தன, வேறு நிலத்தன, வேறு மொழியின. 1854இல் ஸ்டால், சாவகத் தீவிலிருந்து கிடைத்த பூச்சியை 'டெல்ஃபாக்ஸ் லுஜென்ஸ்' என விவரித்தார். 'லுஜென்ஸ்' என்பது துயரத்தில் ஆழ்ந்திருப்பதைக் குறிக்கும் இலத்தீன் எச்சவினை. 1906இல் பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூல்வரிசைக்கு எழுதிய டிஸ்டன்ட், இலங்கையிலிருந்து பெறப்பட்ட ஒரு பூச்சியைப் புதியதெனக் கருதி, புதிய பேரினம் ஒன்றை நிறுவி, 'நிலபர்வத கிரீனி' எனப் பெயரிட்டார். அடைமொழி, இலங்கையில் பணியாற்றிய பூச்சியியலார் ஈ. ஈ. கிரீனின் பெயரை ஒட்டியது. பேரினப் பெயரோ நீலமலை எனப் பொருள்படும் வடசொல் தொகை.

சாவகத்தின் லுஜென்ஸும் இலங்கையின் கிரீனியும் ஒரே சிற்றினம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முந்திய அடைமொழிக்கு உரிமை உண்டாகையால் 'கிரீனி' வழக்கொழிந்தது. ஆனால் அச்சிற்றினத்துக்காக ஆக்கப்பட்ட பேரினப் பெயர் செல்லுபடியாகவே நிலைத்தது. இவ்வாறு வடமொழிப் பெயரும் இலத்தீன் அடையும் சேர்ந்து இன்றைய பெயராயின. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'துயருறும் நீலமலை' என்று வரும். பூச்சிக்கும் அத்தொடருக்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. அறிவியல் பெயரை மொழிபெயர்க்கலாகாது, ஒலிபெயர்க்கவே வேண்டும் என்னும் நெறிக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நெல்லைத் தாக்கும் மற்றொரு சிற்றினத்தின் பெயர் இலக்கணச் சிக்கல் ஒன்றை முன்வைக்கிறது. ஃபாலென் 1826இல் 'டெல்ஃபாக்ஸ் ஸ்ட்ரையாடெல்லா' என்று பெயரிட்ட பூச்சி, பின்னர் ஃபென்னா 1963இல் அமைத்த 'லேயோடெல்ஃபாக்ஸ்' பேரினத்துக்கு மாற்றப்பட்டது. இலத்தீன் முறைப்படி அடைமொழி, பேரினப் பெயரின் பாலோடு இயைய வேண்டும். டெல்ஃபாக்ஸ் என்பது பன்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அது ஆண்பால், பெண்பால் இரண்டிலும் வழங்கியது. இத்தகைய இருபாற் சொற்களைப் பொதுவாக ஆண்பாலாகக் கொள்வதே பெயரீட்டு விதி. அதனால் 'ஸ்ட்ரையாடெல்லா' என்னும் பெண்பால் வடிவம் 'ஸ்ட்ரையாடெல்லஸ்' எனத் திருத்தம் பெற்றது. ஆய்வு நூல்களில் இரு வடிவங்களும் காணப்படுகின்றன. ஒன்றை மட்டும் தேடுவோர்க்கு மற்றொன்றில் அமைந்த ஆய்வுகள் அகப்படாமற் போகும்.

ஜப்பானிய வழக்கும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அம்மொழியில் நெல்லைத் தாக்கும் செடித் தத்துப்பூச்சிகளுக்கு 'உங்கா' என்பது பொதுப்பெயர். மேற்கு ஜப்பானில் 1732ஆம் ஆண்டின் பெரும்பஞ்சத்துக்கு உங்காக்களின் பெருக்கமே காரணமாகக் கூறப்படுகிறது. புகையான் அங்கு 'தொபிஇரோ உங்கா', அதாவது பருந்தின் நிறமுடைய உங்கா. வெண்முதுகுத் தத்துப்பூச்சி 'செஜிரோ உங்கா'. மேற்கூறிய லேயோடெல்ஃபாக்ஸ் 'ஹிமெ தொபி உங்கா' எனப்படும். 'ஹிமெ' என்பதன் நேர்ப்பொருள் இளவரசி. உயிரினப் பெயர்களில் அது சிறியது என்பதைக் குறிக்கும் அடை. நேர்ப்பொருள் கொண்டால் இங்கும் பிழையே விளையும்.

6. உருவால் ஒன்று, ஒலியால் இரண்டு

1966க்குப் பின் குறுங்கால உயர்விளைச்சல் நெல் வகைகள் ஆசியா முழுதும் பரவியபோது, புகையானும் பெருகியது. கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74இல் பெருஞ்சேதம் நேர்ந்தது. எதிர்ப்புத்திறன் கொண்ட ஐ.ஆர்.26 வகை 1973இல் வெளியிடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் அதனையும் புகையான் தாக்கியது. பூச்சிக்கொல்லி மருந்துகள் இயற்கை எதிரிகளை அழித்துப் புகையானைப் பெருக்கின என்பது உணரப்பட்டமையால், 1986இல் இந்தோனேசியா 57 மருந்துகளை நெற்பயிரில் பயன்படுத்தத் தடை விதித்தது.

புதிய நெல் வகைகளையும் தாக்கவல்ல புகையான் கூட்டங்கள் 'உயிர்வகை 1', 'உயிர்வகை 2' என எண்ணிடப்பட்டன. பெயர் தரப்பட்டதும் அவை தனித்தனி இனங்கள் போலவே பேசப்படலாயின. பிரிட்டனைச் சேர்ந்த கிளாரிட்ஜும் அவர்தம் குழுவினரும் இதனை வினாவுக்கு உட்படுத்தினர். ஆண், பெண் புகையான்கள் வயிற்றை அதிரச் செய்து, அவ்வதிர்வைத் தண்டின் வழியே அனுப்பி, ஒன்றையொன்று அழைக்கும். காற்றில் கேளாத இவ்வொலிகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது இரு செய்திகள் வெளிப்பட்டன. உயிர்வகை எனப்பட்டவை தனி இனங்களாகக் கொள்ளத்தக்கன அல்ல. அவை ஒரே சிற்றினத்தின் மாறிவரும் கூட்டங்கள். மாறாக, நெல்லை விடுத்து லீர்சியா என்னும் புல்லில் வாழும் கூட்டமோ வேறான அழைப்பை உடையது. உருவால் பிரித்தறிய இயலாதெனினும், இயற்கையில் நெற்புகையானோடு கலவாதது. ஆகவே அது தனிச் சிற்றினமாகக் கொள்ளத்தக்கது என 1985இல் அவர்கள் எழுதினர்.

கிளைமொழி, தனிமொழி என்னும் பாகுபாட்டை ஆராய்வோர்க்கு இவ்வினா புதியதன்று. வேறு வேறு பெயருடைய இரண்டு ஒன்றாகவும், ஒரே பெயருடைய ஒன்று இரண்டாகவும் இருத்தல் கூடும். பெயரின் எண்ணிக்கை பொருளின் எண்ணிக்கைக்குச் சான்றாகாது. பரிமாற்றம் நிகழ்கிறதா என்பதே இரு துறைகளிலும் முதன்மையான சோதனையாகக் கொள்ளப்படுகிறது.

7. மேல்நிலைப் பெயர்களில் அடங்கிய கருதுகோள்

பேரினத்துக்கு மேலான பெயர்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 1943இல் வெளிவந்த மெட்காஃபின் பொதுப்பட்டியற் பகுதி, புகையானின் குடும்பத்தை டெல்ஃபாசிடே என்னாமல் 'அரேயோபிடே' என்றது. அக்காலத்து நூல்களை மொழிபெயர்ப்பவர் இவ்விரு பெயரும் ஒரே குடும்பத்தைக் குறிப்பன என அறிந்திருத்தல் இன்றியமையாதது.

செடித் தத்துப்பூச்சிகளும், சிள்வண்டு, இலைத் தத்துப்பூச்சி, நுரைப்பூச்சி முதலியனவும் சேர்ந்து 'ஆக்கெனோரிங்கா' எனப்படும். உறிஞ்சுகுழல் கழுத்தருகே தோன்றுவதைச் சுட்டும் கிரேக்கத் தொகை இது. டூமெரில் 1806இல் வழங்கியது. 1995இல் மரபணுத் தரவுகளை ஆராய்ந்த சோரன்சன் குழுவினர், இப்பிரிவு இயற்கையானதன்று எனக் கருதிச் செடித் தத்துப்பூச்சிகளுக்குத் 'தொன்மையான அலகுடையவை' என்னும் பொருளில் 'ஆர்க்கியோரிங்கா' என்னும் பெயரை முன்மொழிந்தனர். 2012இல் மேலும் விரிந்த தரவுகளைக் கொண்டு ஆராய்ந்த கிரையன், அர்பன் ஆகியோர் பழைய பிரிவே ஓரினத் தோற்றமுடையது என்னும் முடிவை ஆதரித்தனர். தொன்மை என்னும் கருதுகோளைத் தன்னுள் கொண்ட பெயர் பரவலாக நிலைபெறவில்லை. கருதுகோள் எதனையும் சாராத, தவறான ஒளியை மட்டும் சுமந்த ஃபுல்கோரோமார்ஃபா என்னும் பெயரே நிலைத்தது. பாரிஸ் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தியரி பூர்குவான் உருவாக்கிய உலகப் பட்டியலும் அப்பெயரிலேயே சிற்றினங்களைத் தொகுக்கிறது.

8. தமிழ் வழக்கு

தமிழில் நெற்பயிரின் பூச்சிப் பெயர்கள் பலவகை அடிப்படையில் அமைந்துள்ளன. குருத்துப்பூச்சி தாக்கும் இடத்தாலும், இலைச்சுருட்டுப்புழு செயலாலும், ஆனைக்கொம்பன் பயிரில் தோன்றும் விளைவின் வடிவாலும் பெயர் பெற்றன. புகையானும் விளைவால் வந்த பெயரே. தூர்களின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுவதால் பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து, புகைந்தது போலத் தோன்றும். இதே விளைவை ஆங்கிலம் 'எரிவு' என்னும் சொல்லால் குறிக்கிறது. ஆங்கிலம் எரிவைப் பயிரின் நோய்நிலைக்கும், நிறத்தைப் பூச்சிக்கும் பெயராக்கியது. தமிழ் விளைவையே பூச்சிக்குப் பெயராக்கியது. ஆகையால் புகையான் என்பதைப் 'பழுப்புத் தத்துப்பூச்சி' என்று மாற்றி எழுதுவது அறிவியல் துல்லியத்தைக் கூட்டுவதன்று. உழவர் அறிந்த பெயரை அவர் அறியாத பெயரால் மறைப்பதாகும்.

தத்துப்பூச்சி என்னும் சொல்லின் நிலை வேறு. நெல்லின் பச்சைத் தத்துப்பூச்சி, மாமரத்தின் தத்துப்பூச்சி, பருத்தியின் தத்துப்பூச்சி ஆகியன இலைத் தத்துப்பூச்சிகள். வெண்முதுகுத் தத்துப்பூச்சி, பைரில்லா ஆகியன செடித் தத்துப்பூச்சிகள். தமிழ்ச் சொல் இவ்விரு குழுவையும் வேறுபடுத்துவதில்லை. இது குறையன்று, உயர்நிலைப் பிரிவொன்றைக் குறிக்கும் சொல்லாக இதனைக் கொள்ளலாம். குறை, மொழிபெயர்ப்பில் அடையின்றி இதனைத் தனித்து வழங்குவதால் நேர்வது. நெல்லின் துங்ரோ நோயைப் பரப்புவன இலைத் தத்துப்பூச்சிகள். புல்தழைக் குட்டை, கந்தல் குட்டை ஆகிய நச்சுயிரி நோய்களைப் பரப்புவது புகையான். 2022இல் பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நெற்பயிரைக் குன்றச் செய்த நச்சுயிரியைப் பரப்புவது வெண்முதுகுத் தத்துப்பூச்சி. மூன்றையும் 'தத்துப்பூச்சி' என்றே எழுதும் அறிவுரைத்தாள், எந்நோய்க்கு எப்பூச்சியைக் கண்காணிப்பது என்பதை உழவர்க்குத் தெரிவிக்கத் தவறும். பச்சைத் தத்துப்பூச்சி இலைகளில் காணப்படுவது. புகையான் நீர்மட்டத்தை ஒட்டித் தூரின் அடியில் இருப்பது. பெயர் மயங்கினால் தேடும் இடமும் மாறும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. அறிவியல் பெயர் விதியால் நிலைபெறுவது; அதன் சொற்பொருள் வரலாற்றுச் செய்தியே அன்றி விளக்கம் அன்று. ஆகவே அதனை ஒலிபெயர்த்தலே தகும். ஆங்கிலம், ஜப்பானியம் முதலிய மொழிகளின் பொதுப்பெயர்கள் வழக்கால் நிலைபெறுவன. அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், அவை குறிக்கும் சிற்றினத்தையும் குடும்பத்தையும் அறிந்து, அதற்குரிய தமிழ்ப் பெயரைக் கொள்ள வேண்டும். சிற்றினத்துக்கு நாட்டுப்பெயர் இருப்பின் புகையான் என்பது போல அதனையே ஆளலாம். இல்லாதவிடத்துத் தத்துப்பூச்சி என்பதற்குமுன் செடி, இலை என்னும் அடைகளைத் தவறாது சேர்ப்பது நன்று. பழைய நூல்களைப் பெயர்க்கும்போது, அக்காலத்துப் பெயரோடு இன்றைய பெயரையும் தருதல் பயனுடையது.

குரூவும் மேரியனும் எழுதிய விளக்கு அணையாமல் பெயர்களில் நீடிப்பதால் பூச்சியியலுக்குப் பெருங்கேடு நேரவில்லை. அப்பெயர் எதனைக் குறிக்கிறது என்பதில் அறிஞரிடையே உடன்பாடு உண்டு. சொற்பொருள் பிழைத்த பெயரைக் கொண்டும் ஒரு துறை செம்மையாக இயங்கலாம். சுட்டுப்பொருள் பிழைத்த பெயரைக் கொண்டு இயங்க இயலாது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் சொற்பொருளின் அழகினும் சுட்டுப்பொருளின் எல்லைக்கு முதலிடம் தருவது, குறிப்பாக உழவர்க்கு எழுதும் நூல்களில், இன்றியமையாததாகும்.